தோள் தாண்டிய கரி

நாகமலை அடிவாரம், ஞாயிறு காலை.
ஆளுக்கு ஐம்பது, மொத்தம் நூறு சுட்டு முடித்தோம்.
வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி
மைதா சாக்கில் கொட்டிய ஒச்சப்பன் சொன்னான்:
"சார், பாதிக்கு மீசை முளைச்சிருக்கு."

கழுத்தோடு நின்றிருந்தால் விட்டிருப்பேன்.
சாப்பிட்ட வாயில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.
இது தோள் தாண்டி
இடுப்புவரை ஒருபக்கமாக வழிந்திருந்தது,
மழையில் நனைந்த சுவரில்
ஒழுகிய தார் மாதிரி.

முதலில் துப்பாக்கியைச் சந்தேகித்தேன்.
துணி சுற்றிய கம்பியை விட்டு
அறையைத் துடைத்தேன். வெள்ளையாகவே வந்தது.
பிறகு ஐப்பசியைச் சந்தேகித்தேன்.
வில்லாபுரம் மாடியறையில்
உப்பே கட்டிப்போகிற ஈரம்;
மருந்து மட்டும் தப்புமா?
டப்பாவைச் சாய்த்தேன். மணல்போல் ஓடியது.
கடைசியாக, விற்றவனைச் சந்தேகித்தேன்.
அது எப்போதும் சுலபம்.

பித்தளை செய்யவேண்டியது ஒன்றே ஒன்று.
வெடித்த கணத்தில் விரிந்து
அறைச்சுவரை இறுகக் கட்டிப்பிடிக்க வேண்டும்.
புகை பின்னால் திரும்ப
ஒரு மயிரிழை வழியும் விடக்கூடாது.
உள்ளே அழுத்தம் போதாவிட்டால்
அது அரைமனதாகத் தழுவும்,
கல்யாண வீட்டில் பங்காளியைத் தழுவுவதுபோல.
அந்த இடுக்கில்தான் கரி நுழைகிறது.

பிரஷர் குறைவு.
எனக்கு அதிகம், என் தோட்டாவுக்குக் குறைவு.
தமயந்தியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இரவு புளித்தண்ணீரில் கூடுகளை ஊறப்போட்டு
ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்க்கும்போதுதான்
அடிப்பக்கம் பார்த்தேன்.
அவள் நிரப்பியவற்றில் நகப்பூச்சுச் சிவப்பு,
சின்னப் பொட்டு.
பொட்டு வைத்தவை எல்லாம் சுத்தம்.
மீசைக்காரர்கள் ஐம்பது பேரும்
என் பிள்ளைகள்.

ஒரே டப்பா, ஒரே தராசு, ஒரே துப்பாக்கி.
நோட்டில் என் கையெழுத்தில்
ஒரே எண்.

"மின்விசிறியை நிறுத்தினீங்களா?" என்றாள்.
நிறுத்தியிருந்தேன். வியர்வைகூட நினைவிருக்கிறது.
"அப்ப அளந்து காட்டுங்க."
தட்டில் சொட்டுச் சொட்டாகத் தட்டினேன்.
முள் ஏறியது. கோட்டுக்கு ஒரு நூல் கீழே
என் விரல் தானாக நின்றது.
"ம்," என்றாள். "இன்னும் இருக்கு."
"போதும்."
"யாருக்குப் போதும்?"

ராஜாஜி ஆஸ்பத்திரி மருந்தகத்தில்
இருபத்தோரு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவள்.
கூடினாலும் குற்றம் குறைந்தாலும் குற்றம்
என்பது அவள் கையில் ஊறிப்போனது.
என் கையில் ஊறியது வேறு.
போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடு கீறிக்கொண்டது.
உஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
காயமில்லை. யாரிடமும் சொல்லவில்லை.
விரல் மட்டும் மறக்கவில்லை,
என்னைக் கேட்காமலே
ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரு சிட்டிகை திருடியது.
கரி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு
அவள் பார்க்க, கோட்டுக்கு நேராக நிறுத்தி
நான் நிரப்பிய பத்து.
பத்தும் கழுத்தோடு நின்றன.
ஒச்சப்பன் எடுத்துப் பார்த்து
"ஷேவிங் ஆயிருச்சு" என்றான்.

ஆனால் அவளுடைய பொட்டுக் கூடு ஒன்று
தோள்வரை கறுத்திருந்தது.
மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"ஏழு தடவை சுட்டது. கழுத்து இறுகிப்போச்சு,
இனி விரியாது."
இடுக்கியால் வாயை நசுக்கி
பழைய இரும்பு டப்பாவில் போட்டாள்.
"இது பயமில்ல. வயசு."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்
பிரஷர் மாத்திரையை எடுத்து
வழக்கம்போல் நகத்தால் இரண்டாக உடைத்தேன்.
அடுப்படியிலிருந்து குரல் வந்தது,
திரும்பிக்கூடப் பார்க்காமல்:

"முழுசாப் போடுங்க."